வீட்டு வானை யார் ஓடுவது?

1

இவர் கார் ஓடுவதை நிறுத்தி இந்த மாதத்தோடு ஒரு வருடம்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அது பெரிய செய்தியாகத் தெரியாது. ஆனால் என் கணவர் லண்டனுக்கு வந்த நாளில் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் உழைத்தவர். முதலில் வாடகைக் கார். பிறகு மருந்துக்கடைகளுக்குப் பெட்டி பெட்டியாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. லண்டனில் எந்தத் தெருவில் எந்த மணிக்கு நெரிசல் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். குளுக்கோமா என்றார்கள். வலது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. இடது கண் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் வெளியே இருந்தேன். பொத்தான் சத்தம் கேட்கும், பிறகு நெடுநேரம் கேட்காது. அந்த இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கே பார்வை குறைந்தால் நாங்களாகவே லைசன்ஸ் அலுவலகத்துக்கு எழுதிச் சொல்ல வேண்டும். இவர் தானே எழுதினார். தானே அட்டையை உறைக்குள் வைத்து ஒட்டி, தானே போய்த் தபால் பெட்டியில் போட்டார். திரும்பி வந்து, "தேத்தண்ணி ஒண்டு போடுமன்" என்றார். அவ்வளவுதான். கார் ஒரு கிழமைக்குள் விலைப்பட்டுப் போனது.

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. இருபத்தாறு வயது. பிரிஸ்டலில் வேலை, அங்கேயே தனியாக இருக்கிறாள். முன்பு மாதத்துக்கு ஒருமுறை வருவாள், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருந்தது. தகப்பனுடைய கண் விஷயம் தெரிந்த பிறகு திரும்பவும் அடிக்கடி வரத் தொடங்கினாள். அப்படி வந்த ஒரு நாள் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன பாக்கோணும்? எனி பிளேஸ். சொல்லுங்கோ."

இவர் நிறைய நேரம் யோசித்தார். கோயில் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"மலை," என்றார்.

ஆரணிக்கு விளங்கவில்லை. மலை பார்க்காத மனிதர் உலகத்தில் இருப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணம் தட்டையான ஊர். அங்கே உயரமாக இருந்தது கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். இவர் பத்தாம் வகுப்புப் படித்தபோது மலைநாட்டுக்குச் சுற்றுலா போக ஏற்பாடு செய்தார்களாம். பஸ் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டதாம். அன்று காலையில் பாதையை மூடிவிட்டார்கள் என்று பெடியன்களை இறக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு நாட்டில் சுற்றுலா போகிற நிலைமை இருக்கவில்லை. இங்கே வந்து முப்பது வருடம் ஓடியவர், ஓடியதெல்லாம் லண்டனுக்குள்ளே.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று ஆரணி என்னைத் தனியாகக் கேட்டாள்.

"இருக்கிறதை வச்சுப் பாதுகாக்கலாமாம். உறுதி சொல்ல ஏலாதாம்."

"அப்ப இந்த சமர்," என்றாள்.

2

வேல்ஸ் நாட்டில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. நாங்கள் கேள்விப்பட்ட பெயர் ஸ்னோடோனியா. அதன் சொந்தப் பெயர் எரிரி என்று ஆரணி சொன்னாள். பூங்கா என்றால் பூஞ்செடி வைத்த இடம் இல்லை, மலையும் ஏரியுமாகப் பெரிய பிரதேசம். ஆடி மாதக் கடைசியில் ஐந்து நாள் போய் வருவதென்று முடிவு செய்தோம்.

ஹோட்டல் வேண்டாம் என்று ஆரணிதான் சொன்னாள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வாகனம் வாடகைக்கு எடுக்கலாம். அப்பாவுக்குப் பழக்கமில்லாத படிகளில் தடுக்கி விழுகிற பயம் இல்லை. காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே மலை. நாங்கள் அதற்கு வீட்டு வான் என்று பெயர் வைத்துக்கொண்டோம். மூன்று பேருக்கான சிறிய வான் ஒன்றைப் பார்த்து, அவளே ஓடுவதாகச் சொல்லிப் பதிந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். அங்கேதான் காரியம் கெட்டது.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம். ஓர் இடத்துக்குப் போகிறோம் என்று சொந்தக்காரருக்குச் சொன்னால், "நீங்களும் வாங்கோவன்" என்று சொல்லாமல் விட முடியாது. அதைக் கேட்டவர், "ஐயோ எங்களுக்கு எங்கை நேரம்" என்று சொல்லவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை, யாருக்கும் நட்டமில்லை. இவர் அன்று பந்தியில் வாழையிலைக்கு முன்னால் இருந்து, சந்தோஷத்தில் அத்தானுக்குச் சொல்லிவிட்டார். சொன்ன வாயால் கூப்பிட்டும் விட்டார்.

அத்தான் என் அக்காவின் கணவர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கலியாணம் முடித்து வேறு வேறு இடம். அத்தான் பாயசத்தைக் கீழே வைத்தார்.

"எத்தினையாம் திகதி?" என்றார்.

நான் பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருபத்திரண்டு வயதில் கலியாணத்துக்காக லண்டன் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர் அவர். முதல் மூன்று வருடம் அவர்கள் வீட்டு மேல் அறையில்தான் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அவர்தான் வாசித்தார், ஒவ்வொரு படிவத்தையும் அவர்தான் நிரப்பினார். எங்கள் குடும்பத்தில் அத்தான் ஒன்று சொன்னால் அதற்குப் பிறகு பேச்சில்லை. பேச்சு வராது என்பதில்லை. வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

"வானை நான் ஓடுறன்," என்றார் அத்தான். "இருவது வருஷம் கடைச் சாமான் வான் ஓடினனான். கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்."

"கண்ணை மூடிக்கொண்டு ஓடலாமெண்டா என்ரை லைசன்ஸை ஏன் அண்ணை வாங்கினவங்கள்?" என்றார் இவர்.

பந்தியே சிரித்தது. அத்தானும் சிரித்தார். ஆனால் வருவது வருவதுதான். அடுத்த நாளே அக்கா வேலையில் லீவு சொல்லிவிட்டாள். அத்தான் கொண்டுபோக வேண்டிய சாமானுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கினார். புட்டுப்பானை முதலாவது.

3

ஐந்து பேருக்குச் சிறிய வான் போதாது. ஆரணி முகத்தை நீட்டிக்கொண்டுதான் அதை விட்டுவிட்டுப் பெரியதுக்கு மாற்றினாள். "அம்மா, இது அப்பாவின்ரை ட்ரிப். நீங்கள் ஒருக்கா நோ சொல்லியிருக்கலாம்" என்றாள். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் இரண்டாம் தரம் உருளைக்கிழங்கு கேட்டாலே எனக்கு இல்லை என்று சொல்ல வராது.

ஒரு சனிக்கிழமை காலை ஆரணி எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வாடகைக் கம்பனியின் படிவத்தை நிரப்பினாள். ஓடுகிறவரின் லைசன்ஸ் அட்டையை முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து அனுப்பக் கேட்டிருந்தார்கள். அத்தான் தன் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஆரணி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். பேசிவிட்டு வைத்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பெரிய வானின் நிறை மூன்றரைத் தொன்னுக்கு மேலே. சாதாரணக் கார் லைசன்சில் அதை ஓட முடியாது. ஆனால் தொண்ணூற்றேழாம் ஆண்டு பிறப்பதற்கு முன் சோதனை பாஸ் பண்ணியவர்களுக்குப் பழைய சட்டப்படி அந்த உரிமை தானாகவே வந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் சி-வன் என்று போட்டிருக்கும். அத்தானுடைய அட்டையில் அது இல்லை. அவர் பாஸ் பண்ணியது தொண்ணூற்றேழு பங்குனியில். மூன்று மாதத்தில் தப்பிப்போனது.

ஆரணி பிறந்ததே அதற்குப் பிறகு. அவளாலும் ஏலாது.

அத்தானுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"அவைக்கு என்ன விசரே? நான் ஓடின வான் இதைவிடப் பெரிசு!"

"பெரியப்பா, அது பெரிசு இல்லை. இது ஹெவி. சட்டம் அப்பிடி."

"சட்டத்தை எனக்குப் படிப்பிக்கிறாளாம், கௌரி! நீ பெத்தது!"

சிறிய வானைத் திருப்பிக் கேட்டாள், அது போய்விட்டது. பள்ளிக்கூட விடுமுறைக் காலம், வேறு கம்பனிகளிலும் கேட்டாள், எதுவும் இல்லை. இந்தப் பெரிய வானைத் திங்கட்கிழமை காலைவரை எங்களுக்காக வைத்திருப்பார்கள். அதற்குள் பொருத்தமான லைசன்ஸ் உள்ளவரின் பெயர் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போகும்.

"பரவாயில்லையம்மா," என்றார் இவர் மகளிடம். "அடுத்த வருஷம் பாப்பம்."

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதும் ஆரணி மடிக்கணினியை மூடினாள். இவர் என் பக்கம் ஒருமுறை திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அவருக்குத் தெரியும். உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

4

தொண்ணூற்றாறாம் ஆண்டு. நாங்கள் அத்தான் வீட்டு மேல் அறையில் இருந்த காலம். அப்போது நான் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணின் மூத்த சகோதரி கார் பழக்குகிறவர், மலேசியத் தமிழர், லெட்சுமி என்று பெயர். "பயப்படாதீங்க லா, கார் என்ன கடிக்கவா போகுது?" என்று சொல்லிச் சொல்லியே என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருத்தியவர். வாய் திறந்து நாலு சொல் பேசப் பயந்த எனக்கு, கார் ஓட ஏனோ பயம் வரவில்லை. காருக்குள் யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை. பாதையைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடக் கடைசியில் சோதனை. முதல் தரத்திலேயே பாஸ்.

கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வாசலுக்குள் கால் வைத்ததும் அக்கா குசினியில் இருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"சத்தம் போடாதை. அத்தான் இண்டைக்கும் பெயில். நாலாம் தரம். ஒருத்தரோடையும் கதைக்காமல் இருக்கிறார்."

முன் அறையில் அத்தான் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தி, "என்ன மாதிரி?" என்றார்.

அவருக்கு முன்னால் நான் பாஸ் என்று எப்படிச் சொல்லுவது? அவர் வீட்டில், அவர் சோற்றைத் தின்றுகொண்டு, வந்து இரண்டு வருடமாகாத நான்?

"நானும் பெயில்தான் அத்தான்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. எழும்பினார். "சீ, இதுக்கேன் கவலைப்படுறாய்? ஆம்பிளையளுக்கே கஷ்டமான சோதனை" என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிருக்குள் வெளியே போய் எனக்கென்று ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வந்தார். மார்கழி மாதம். நான் இருந்து அதை முழுக்கச் சாப்பிட்டேன்.

பின்னேரம் வேலையால் வந்த இவருக்கு மட்டும் சொன்னேன். "நல்லது. கொஞ்ச நாள் பேசாமல் இரு. அண்ணை பாஸ் பண்ணட்டும், பிறகு சொல்லுவம்" என்றார்.

அண்ணை மூன்று மாதத்தில் பாஸ் பண்ணினார். வீடு நிறையச் சனம், நான்தான் வடை சுட்டேன். எல்லாருக்கும் முன்னால் அத்தான், "கௌரி, நீயும் விடாமல் எடு" என்றார். அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த ஐஸ்கிறீம் எதற்கு என்று கேட்பாரே என்றிருந்தது. பிறகு ஆரணி வயிற்றில். பிறகு, கௌரிக்குக் கார் ஓட்டம் சரிவராது என்பது குடும்பத்தில் எல்லாரும் அறிந்த உண்மையாகிவிட்டது. கொஞ்சக் காலத்தில் நானே அதை நம்பத் தொடங்கினேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை படம் மாற்றி அட்டையைப் புதுப்பிப்பேன். பிரஜாவுரிமைக் கடதாசிகளோடு ஓர் உறைக்குள் வைத்துவிடுவேன்.

5

அந்த உறையைத்தான் சனிக்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அட்டையை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆரணி எடுத்துப் பார்த்தாள். "அம்மா, இது ஆரின்ரை?"

"படத்தைப் பாரன்."

"இது ஃபுல் லைசன்ஸ்!" பின்பக்கத்தைத் திருப்பினாள். விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். "சி-வன் இருக்கு. அம்மா! உங்களிட்டை சி-வன் இருக்கு!" எழும்பித் துள்ளினாள். என்னைக் கட்டிப் பிடித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நடந்ததைச் சொன்னேன். ஐஸ்கிறீம் வரைக்கும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"டான்ஸ் கிளாசுக்கு மூண்டு பஸ் மாறிப் போனனாங்கள்," என்றாள். "மழையிலை. சலங்கைப் பையோடை. ஆறு வருஷம். அப்ப இது உங்களிட்டை இருந்ததா?"

"ஓம்."

"பெரியப்பா ஃபீல் பண்ணுவார் எண்டா?"

"ஓம்."

"அப்பா கண் தெரியாமல் ஓடினவர், அம்மா. நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்."

அதைத்தான் நானும் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓடுவதை நிறுத்துவதற்கு முந்திய ஒன்றரை வருடமும், இவர் ஓடும்போது நான் பக்கத்தில் இருந்து, "வலப்பக்கம் சைக்கிள் வருது", "வலப்பக்கம் பிள்ளையள் நிக்குதுகள்" என்று சொல்லிக்கொண்டே போவேன். கண்ணாடி மாற்ற வேண்டும், வயது போகிறது என்று இரண்டு பேரும் நினைத்தோம். அது அவருக்கு நான் செய்கிற உதவி என்றும் நினைத்தேன். இடம் மாறி இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்? ஆகவில்லை. ஆகாதது எங்கள் கெட்டித்தனம் இல்லை.

"அவவை ஏசாதை," என்றார் இவர் நாற்காலியில் இருந்து. "எனக்கும் தெரியும்தானே. ரெண்டு பேரிலையும் பிழை."

ஆரணி வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். வந்து அட்டையைத் திரும்பவும் கையில் எடுத்தாள். "நீங்கள் ஓடுவீங்களா? உண்மையா ஓட ஏலுமா?"

"முப்பது வருஷமாத் தொடேல்லை. பழகோணும்."

"கிளாஸ் எடுக்கோணும். நிறைய. டீச்சர் ஓகே எண்டு சொன்னாத்தான் போறது. ஓகே சொல்லாட்டி கான்சல்."

"சரி," என்றேன். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை தாய்க்கு நிபந்தனை போடுவது எனக்கு முன்பு பிடிக்காது. அன்று பிடித்திருந்தது. இதை எழுதும்போது நான்கு வகுப்பு முடிந்துவிட்டது. முதல் வகுப்பில் காரை மூன்று தரம் நிற்பாட்டிவிட்டேன். நான்காவதில் டூட்டிங் கடைத்தெரு வழியே போய் வந்தேன். பெரிய வானில் ஒரு நாள் பழக்க, வாடகைக் கம்பனியே ஆள் தருகிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னொரு காரியம் மிச்சம் இருந்தது. என் பெயரைக் கொடுத்தால் அத்தானுக்குத் தெரியத்தான் போகிறது. அவரும் அந்த வானில்தான் வருகிறார்.

"போனிலை சொல்லிவிடுங்கோ," என்றாள் ஆரணி.

இவரும் நானும் ஒரே நேரத்தில், "போனிலையோ!" என்றோம்.

6

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரயில் ஏறி, பாங்க் ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயிலுக்கு நடந்து, பார்க்கிங் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. வழி முழுக்க நான் சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அத்தான் வீட்டு முன் அறையில் புட்டுப்பானையும் ஐந்து கோப்பைகளும் ஒரு பெட்டிக்குள் ஏற்கெனவே ஏறியிருந்தன. அத்தான் அதற்குப் பக்கத்தில் இருந்தார், கோபம் ஆறாமல்.

"ஆள் கிடைச்சுதோ?" என்றார்.

பழகிவைத்த வசனம் வரவில்லை. அட்டையைத்தான் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். திகதியை வாசிக்கிறார் என்று தெரிந்தது, உதடு அசைந்தது.

"இது தொண்ணூற்றாறு."

"ஓம் அத்தான்."

"நான் நாலாம் தரம் விட்ட அண்டைக்கு."

"ஓம்."

"நீ பெயில் எண்டு சொன்னனீ."

"ஓம் அத்தான்."

"ஐஸ்கிறீம் வாங்கித் தந்தனான்."

"ஓம்."

"பெயிலானவளுக்கெண்டு. அந்தக் குளிருக்கை போய்."

"ஓம் அத்தான்."

"அதைத் திண்டனீ!"

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். முதுகு குலுங்கியது. அத்தான் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எத்தினையாம் தரத்திலை பாஸ்?"

பொய் சொல்ல ஆசை வந்தது. மூன்றாம் தரம் என்று சொன்னால் என்ன?

"முதல் தரம்," என்றேன்.

"முப்பது வருஷமா என்னை விசரனாக்கி வச்சிருக்கிறியள்," என்றார். இவரையும் சேர்த்துத்தான். "நான் பாஸ் பண்ணினதுக்கு எல்லாருமா வடை சுட்டுத் தின்னேக்கை உள்ளுக்கை சிரிச்சிருப்பியள்."

"இல்லை அத்தான். சத்தியமா இல்லை. நீங்கள் பாஸ் பண்ணினது எனக்கு நான் பாஸ் பண்ணினதைவிடச் சந்தோசம்."

அது உண்மை. ஆனால் சொல்லும்போது என் காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"நாங்கள் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றார் அத்தான்.

நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இவர் நாற்காலியில் முன்னுக்கு வந்தார். அத்தான் இல்லாமல் நாங்கள் போகமாட்டோம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் எல்லாம் முடிந்தது.

அதற்கு முன்னால் அக்கா திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நீங்கள் நில்லுங்கோ," என்றாள் அத்தானிடம். "நான் போறன்."

"என்ன?"

"என்ரை தங்கச்சி லொறி ஓடப்போறாள். நான் பாக்காமல் விடுவனோ?"

"லொறி இல்லை பெரியம்மா," என்றாள் ஆரணி.

"எதோ ஒண்டு. நான் போறன். சோறு சமைச்சு ஃபிரிட்ஜிலை வச்சிட்டுப் போறன், ஐஞ்சு நாளைக்கு."

அத்தான் எழும்பிப் பின் தோட்டத்துக்குப் போய்விட்டார். குசினி ஜன்னலால் பார்த்தோம். அவரைக்கொடிப் பந்தலுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா தேநீர் போட்டாள். ஒருவரும் குடிக்கவில்லை. இவர் என் கையைப் பிடித்து, "சொல்லிப்போட்டாய். அது போதும்" என்றார். கால் மணித்தியாலம் இருக்கும், அத்தான் உள்ளே வந்தார். நேரே மேலே ஏறிப் போனார். அறைக்கதவு சாத்தப்படப் போகிறது என்று காத்திருந்தோம். சாத்தவில்லை. திரும்பி இறங்கி வந்தார், கையில் ஒரு பெரிய பாதைப் புத்தகம். சாமான் வான் ஓடிய காலத்தில் வைத்திருந்தது, மட்டை கழன்றுபோயிருந்தது.

அதை மேசையில் விரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சிவம், உமக்கு எந்தக் கண் தெரியுது?"

"இடது, அண்ணை."

"முன் சீற்றிலை எத்தினை பேர் இருக்கலாம், பிள்ளை?"

"ஓடுறவரும் இன்னொராளும்," என்றாள் ஆரணி.

"அதிலை உன்ரை அப்பாவை இருத்து. நான் பின்னாலை இருக்கிறன்."

இந்த நாட்டில் அத்தான் பின் சீட்டில் இருந்து நான் கண்டதில்லை. அக்காவும் கண்டிருக்கமாட்டாள். அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

அத்தான் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "நீங்கள் யோசிச்சு வச்சிருக்கிறது இந்தப் பாதை. வடக்காலை போய், இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளாலை கீழை இறங்கிறது. அப்பிடிப் போனா அந்தப் பெரிய மலை முழுக்க வலப்பக்கம் விழும். வலப்பக்கம் விழுந்து இவருக்கு என்ன பிரயோசனம்? கௌரியின்ரை தலையைத்தான் பாப்பார்."

"அதைத்தானே முப்பது வருஷமாப் பாக்கிறன்," என்றார் இவர்.

அத்தான் சிரிக்கவில்லை. ஆனால் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு வேறு ஒரு கோடு, தெற்கால் வளைத்து இழுத்தார். "சுத்திக்கொண்டு இந்தப் பக்கத்தாலை வந்து, கீழையிருந்து மேலை ஏறினா, மலையும் ஏரியும் இடப்பக்கம். அவரின்ரை ஜன்னலுக்கு நேரை."

ஆரணி குனிந்து பார்த்தாள். தொலைபேசியில் தட்டிப் பார்த்தாள். "ஓம் பெரியப்பா," என்றாள் மெதுவாக. "கரெக்ட்."

"ஒரு மணித்தியாலம் கூட ஓடோணும். ரோட்டும் ஒடுக்கம், வளைவு." அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் செய் என்று சொல்லியிருக்கிறார், செய்யாதே என்று சொல்லியிருக்கிறார். என்னை ஒன்றும் கேட்டதில்லை.

"ஏலுமோ உன்னாலை?"

"ஏலும் அத்தான்," என்றேன்.